பிளேட் ரன்னர்: பேரு ரிட்லி ஸ்காட்டுக்கு, ஆனா எதை யார் பண்ணாங்க?

அரைத்தூக்கம்:

வணக்கம் மக்களே. நான் 1982ல ரிட்லி ஸ்காட் டைரக்ட் பண்ண 'பிளேட் ரன்னர்' படத்துக்கு தலைகீழா வந்து சேந்தவ. முதல்ல ஃபிலிப் கே. டிக் 1968ல எழுதுன 'டூ ஆண்ட்ராய்ட்ஸ் ட்ரீம் ஆஃப் எலக்ட்ரிக் ஷீப்' நாவலைப் படிச்சேன், அந்த சூடு ஆறுறதுக்குள்ள போன வாரம் படத்தைப் போட்டேன், 2007ல வந்த ஃபைனல் கட்ங்கிற வெர்ஷன். கால் மணி நேரம் போனதும் வேற ஏதோ படத்தைப் போட்டுட்டோமோன்னு நிறுத்தி பேரை ஒரு தடவை செக் பண்ணேன், நிஜமா.

நாவல்ல ஹீரோ டெக்கார்டு, மனுஷன் மாதிரியே இருக்குற ஆண்ட்ராய்டுங்களை வேட்டையாடுறவன், அவனுக்கு பொண்டாட்டி இருக்கா, விடிஞ்சதும் ரெண்டு பேரும் மூடை மாத்துற மெஷின்ல என்ன நம்பர் போடுறதுன்னு சண்டை போட்டுக்குவாங்க, மொட்டை மாடியில ஒரு மின்சார ஆடு நிக்கும், பக்கத்து வீட்டுக்காரன் நிஜக் குதிரை வச்சிருக்கான் நம்மகிட்ட டூப்பு ஆடுதானேன்னு மனுஷன் உள்ளுக்குள்ள வெந்து சாவான். மெர்சர்னு ஒரு கிழவர், அவரை வச்சு ஒரு மதமே ஓடும். படத்துல பொண்டாட்டி இல்ல, ஆடு இல்ல, மதம் இல்ல, சான் ஃபிரான்சிஸ்கோ கூட லாஸ் ஏஞ்சல்ஸா மாறிருச்சு. ஆனா படம் முடிஞ்சு ரெண்டு நாள் அந்த மழைச் சத்தம் காதை விட்டுப் போகல. அதான் குழப்பமே. இவ்ளோ வெட்டி எறிஞ்சும் எப்படி நிக்குது இது?

டைட்டில்ல திரைக்கதைக்கு ஹாம்ப்டன் ஃபான்சர், டேவிட் பீப்பிள்ஸ்னு ரெண்டு பேர் வருது. நெட்ல தேடுனா எல்லாத்துக்கும் ரிட்லி ஸ்காட் ஒருத்தர் பேரையே சொல்றாங்க. தெரிஞ்சவங்க யாராவது கொஞ்சம் விலாவாரியா சொல்லுங்க, எதை யார் பண்ணாங்க, அந்த ரெண்டு ரைட்டரும் சேந்து உக்காந்து எழுதுனாங்களா, அப்புறம் பிளேட் ரன்னர்னா என்னதான் அர்த்தம், நாவல்ல தேடித் தேடிப் பாத்தேன் அந்த வார்த்தையே கிடையாது.

பழையரீல்:

பேர்ல இருந்தே தொடங்குறேன்மா, அதுதான் பெரிய கூத்து. ஆலன் நர்ஸ்னு ஒரு டாக்டர், கதையும் எழுதுவார், 1974ல 'தி பிளேட்ரன்னர்'னு ஒரு நாவல் எழுதுனார். அதுல வைத்தியத்துக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு, அதனால ஆபரேஷன் கத்தி, மருந்து எல்லாம் திருட்டுத்தனமா கடத்திக் குடுக்குறவனுக்குத்தான் அந்தப் பேரு. கத்தி தூக்கிட்டு ஓடுறவன், அவ்வளவுதான். அதை வச்சு எழுத்தாளர் வில்லியம் பரோஸ் 1979ல ஒரு சின்ன புத்தகம் போட்டார். இங்க ரிட்லி ஸ்காட், டிடெக்டிவ்னு சொல்லிச் சொல்லி புளிச்சுப் போச்சு, டெக்கார்டு பாக்குற வேலைக்கு புதுசா ஒரு பேரு குடுய்யான்னு ஃபான்சரை நச்சரிச்சுக்கிட்டே இருந்திருக்கார், ஃபான்சர் தன் அலமாரியில துழாவுனப்ப பரோஸ் புத்தகம் கையில மாட்டிருக்கு. கதையில ஒரு வரி கூட எடுக்கல, காசு குடுத்து பேரை மட்டும் வாங்குனாங்க. கத்தி கடத்துறவன் பேரு ஆண்ட்ராய்டு வேட்டைக்காரனுக்கு வந்து ஒட்டிக்கிட்டது இப்படித்தான்.

இப்ப ஃபான்சர். இவர் அடிப்படையில நடிகர், டிவி சீரியல்ல எல்லாம் நடிச்சுட்டிருந்தவர். இவரோட நண்பர் பிரையன் கெல்லி, அவரும் நடிகர்தான், ஃப்ளிப்பர்னு டால்ஃபின் வர்ற சீரியல் ஞாபகம் இருக்கா, அதுல அப்பாவா வருவாரு. அந்த கெல்லிதான் நாவல் உரிமையை வாங்கி புரொடியூசர் மைக்கேல் டீலிகிட்ட கொண்டு போனவர். டீலி அப்ப 'தி டீர் ஹன்டர்' எடுத்து ஆஸ்கர் வாங்குன ஆளு. முதல்ல இது படமாகாதுன்னு தள்ளிவிட்டுட்டார், அப்புறம் ஃபான்சர் எழுதிக் குடுத்ததைப் படிச்சுட்டுதான் இறங்கி வந்தார்.

ஃபான்சர் எழுதுனது சின்னப் படம், எல்லாமே நாலு சுவத்துக்குள்ள நடக்கும். ஸ்காட் உள்ள வந்ததும் கேட்ட கேள்வி, ஜன்னலுக்கு வெளிய என்ன இருக்கு? ஃபான்சர் அதை யோசிக்கவே இல்ல. மெட்டல் ஹர்லன்ட்னு ஒரு பிரெஞ்சு காமிக்ஸ் பத்திரிகை, மோபியஸ் எல்லாம் வரைஞ்சது, அதைப் பாருன்னு சொல்லிருக்கார் ஸ்காட். என்னைக் கேட்டா படம் பிறந்தது அந்த ஜன்னல் கேள்வியிலதான்.

சேந்து உக்காந்தாங்களான்னு கேட்டீங்கள்ல, இல்லவே இல்ல. ஃபான்சரும் ஸ்காட்டும் மாறி மாறி மோதி, ஃபான்சர் சில மாத்தங்களுக்கு ஒத்துக்கல, 1980 கடைசியில டேவிட் பீப்பிள்ஸைக் கூட்டிட்டு வந்துட்டாங்க, அது ஃபான்சருக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, மனுஷன் நொந்துட்டார். இதுல வேடிக்கை, பீப்பிள்ஸ் ஸ்கிரிப்டைப் படிச்சுட்டு இது பிரமாதமா இருக்கே, இதுல நான் என்ன பண்றதுன்னு கேட்டாராம். அப்புறம் ஸ்காட் கேட்டது எல்லாத்தையும் எழுதிக் குடுத்தார். படத்துல ஆண்ட்ராய்டுக்கு பதிலா வர்ற ரெப்ளிகன்ட்ங்கிற வார்த்தை இவரோடது. ஆண்ட்ராய்டுன்னு சொன்னா ஆடியன்ஸ் சிரிப்பாங்கன்னு ஸ்காட்டுக்கு பயம். பீப்பிள்ஸோட பொண்ணு அறிவியல் படிச்சிட்டிருந்தா, செல் பிரிஞ்சு தன்னையே நகல் எடுக்குறதைப் பத்தி அவ சொன்ன வார்த்தையில இருந்து இவர் ரெப்ளிகன்ட்னு உருவி எடுத்துட்டார். பின்னாடி படமா வந்த 'அன்ஃபர்கிவன்' ஸ்கிரிப்டும் இதே பீப்பிள்ஸ் எழுதுனதுதான்.

அரைத்தூக்கம்:

ஐயோ நன்றி சார், இவ்ளோ கிடைக்கும்னு நினைக்கல. நாவலாசிரியர் இதுல எங்க இருந்தாரு? அவருக்கு படம் பிடிக்கலன்னு ஒரு இடத்துல படிச்சேன், இன்னொரு இடத்துல ரொம்பப் பிடிச்சுதுன்னு இருக்கு. எது சரி?

ஓரப்பக்கம்:

ரெண்டும் சரிதான் தோழி, தேதி வேற வேற.

ஃபான்சரோட ஆரம்ப ஸ்கிரிப்ட் ஒண்ணு டிக் கைக்கு வந்துச்சு, செம கடுப்பாயிட்டார், 1981 தொடக்கத்துல பத்திரிகையிலயே போட்டுத் தாக்குனார். தன் புத்தகத்தை ஒரு சாதா துப்பறியும் கதையா ஆக்கிட்டாங்கன்னு கோவம். அப்புறம் பீப்பிள்ஸ் திருத்துன ஸ்கிரிப்டைப் படிச்சுட்டு ஆளே மாறிட்டார். அதே வருஷம் அக்டோபர்ல டிவி நிகழ்ச்சி ஒண்ணுல படத்தோட சில காட்சி காட்டிருக்காங்க, பாத்த கையோட தயாரிப்புக் கம்பெனிக்கு பாராட்டி லெட்டர் எழுதிட்டார். டிசம்பர்ல ஸ்காட் அவரைக் கூப்பிட்டு எஃபெக்ட்ஸ் ரீல் கொஞ்சம் போட்டுக் காட்டுனார், இருபது நிமிஷம் இருக்கும், நான் மனசுல பாத்த அதே உலகம் எப்படி இவங்களுக்குத் தெரிஞ்சுதுன்னு அசந்து போயிட்டார். அவ்வளவுதான் அவர் பாத்தது. 1982 மார்ச் 2ஆம் தேதி இறந்துட்டார், வயசு 53. படம் ரிலீஸ் ஜூன் 25. படத்தோட கடைசியில அவர் நினைவுக்கு சமர்ப்பணம்னு ஒரு வரி வரும், பாத்திருப்பீங்க.

இன்னொண்ணு, இதுக்காகவே எனக்கு அந்த மனுஷனைப் பிடிக்கும். படத்தை வச்சு புதுசா ஒரு நாவல் எழுதிக் குடு, நல்ல காசு தர்றோம், பழைய நாவலை ஒதுக்கிடலாம்னு பேசுனாங்க. மாட்டேன்னுட்டார். பணத்துக்கு ரொம்பவே கஷ்டப்பட்ட ஆளு அது. பழைய நாவலே படத்தோட பேர்ல மறுபடி அச்சாச்சு, நீங்க படிச்சது இன்னைக்கும் கிடைக்குதுன்னா அந்தப் பிடிவாதமும் ஒரு காரணம்.

ஆனா கருத்துல டிக்குக்கும் ஸ்காட்டுக்கும் ஒத்துப்போகலங்கிறதும் உண்மை. டிக் இன்னொரு நாவலுக்காக நாஜி ஆளுங்க எழுதுன டைரி எல்லாம் படிச்சிருக்கார், அதுல ஒருத்தன், பட்டினி கிடக்குற குழந்தைங்க அழுற சத்தத்துல ராத்திரி தூக்கம் போகுதுன்னு குறைபட்டு எழுதிருந்தானாம். இவன் மனுஷனே இல்லையேன்னு டிக்குக்குத் தோணுன இடத்துலதான் ஆண்ட்ராய்டு பிறக்குது. அதாவது அவருக்கு ஆண்ட்ராய்டுன்னா அடுத்தவன் வலி தெரியாத ஜென்மம், மனுஷ உடம்புல இருந்தாலும் சரி. படத்துல அப்படியே திரும்பிடுச்சு, ரெப்ளிகன்ட்டுங்கதான் அழுவுது, தவிக்குது, மனுஷங்க மரக்கட்டையா நிக்குறாங்க.

படத்துல ஆடு இல்லன்னு சொன்னீங்களே, ஆடு போகல. ஆளு மனுஷனா ரெப்ளிகன்ட்டான்னு கண்டுபிடிக்கிற அந்த வாய்ட்-காம்ப்ஃப் டெஸ்ட் கேள்விகளை மறுபடி கேட்டுப் பாருங்க. கவுந்து கிடக்குற ஆமை, கன்னுக்குட்டித் தோல்ல செஞ்ச பர்ஸ், பட்டாம்பூச்சியைக் கொல்ற ஜாடி, கையில ஊர்ற குளவி, எல்லாமே மிருகம் பூச்சியைப் பத்தித்தான். ரெப்ளிகன்ட் செய்யற கம்பெனி முதலாளி டைரல் ஆபீஸ்ல ஆந்தை, ஸோராங்கிற ரெப்ளிகன்ட் கழுத்துல பாம்பு, ரெண்டும் செயற்கைன்னு வசனமே வரும். உலகத்துல மிருகமே மிஞ்சலங்கிற நாவல் சங்கதியை விளக்காம ஓரமா ஒளிச்சு வச்சுட்டாங்க. நாவல் படிக்காதவன் இதை கவனிக்கவே மாட்டான்.

ஒட்டுப்பசை:

லேட்டா வந்தேன், மன்னிக்கணும், ஸ்கிரிப்ட் எல்லாம் பேசிட்டீங்க, நான் அட்டையும் பசையும் வச்சு மினியேச்சர் பண்ற கோஷ்டி, அதனால என் கட்சி எப்பவும் செட்டு போட்டவங்க பக்கம்தான், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

சிட் மீட். இவரு அடிப்படையில சினிமா ஆளு இல்ல, இண்டஸ்ட்ரியல் டிசைனர், ஃபோர்டு கார் கம்பெனியில வண்டிக்கு உருவம் வரைஞ்சவர். அவரைக் கூப்பிட்டது பறக்குற வண்டி வரையத்தான், அதான் ஸ்பின்னர். அவரு என்ன பண்ணாருன்னா வண்டியை வெத்துப் பேப்பர்ல வரையாம அது நிக்குற தெருவையும் சேத்து வரைஞ்சு குடுத்தார், பின்னாடி கட்டடம், குழாய், வொயரு, போர்டு எல்லாம். ஸ்காட் பாத்துட்டு வண்டியை விட பின்னாடி இருக்குறதுதான் வேணும்னு தெருவையே அவர் தலையில கட்டிட்டார். டைட்டில்ல விஷுவல் ஃப்யூச்சரிஸ்ட்னு இவருக்குன்னே ஒரு பட்டம் போடுவாங்க.

இதுல இருக்குற ஐடியா என்னன்னா, எதிர்காலம்னா எல்லாம் பளபளன்னு புதுசா இருக்கணும்னு அது வரைக்கும் எடுத்துட்டிருந்தாங்க, இவங்க அப்படி இல்ல, பழைய கட்டடத்தை இடிக்க யாருக்கும் காசு இல்ல, அதனால அது மேலயே குழாயை மாட்டு, ஏசி டக்டை மாட்டு, ரிப்பேர் ஆச்சுன்னா பக்கத்துல இன்னொண்ணு மாட்டு, இப்படி மாட்டிக்கிட்டே போனா நாப்பது வருஷத்துல எப்படி இருக்குமோ அப்படி. இதை நிஜத்துல கட்டுனது புரொடக்ஷன் டிசைனர் லாரன்ஸ் பால், ஆர்ட் டைரக்டர் டேவிட் ஸ்னைடர். 1980ல நடிகர் சங்கம் ஸ்ட்ரைக் பண்ணி ஷூட்டிங் தள்ளிப் போச்சு, மத்தவனுக்கு அது நஷ்டம், இவங்களுக்கு செட்டு யோசிக்க கூடுதலா மாசக்கணக்குல டைம். பர்பேங்க்ல வார்னர் ஸ்டூடியோவோட நியூயார்க் தெருன்னு ஒரு பழைய செட்டு, பழைய நடிகர் போகார்ட் காலத்துல இருந்து எத்தனையோ படத்துல வந்து தேஞ்சு போன தெரு. அது மேலதான் இவ்ளோ குழாயும் மாட்டுனாங்க. ஆளுங்க அதுக்கு ரிட்லிவில்னு பேரு வச்சுட்டாங்க.

இப்ப அந்த மழை. காதை விட்டுப் போகலன்னு சொன்னீங்கள்ல. மழை, புகை, ராத்திரி மூணும் சேந்து எதுக்குன்னா பகல்ல வெளிச்சத்துல காட்டுனா ஐயோ இது அந்தப் பழைய செட்டுதானேன்னு எவனா இருந்தாலும் கண்டுபிடிச்சுருவான், அதை மறைக்கத்தான் பெரும்பாலும். தத்துவம் எல்லாம் நாம பின்னாடி சேத்துக்கிட்டது.

டாம் சவுத்வெல்னு ஒருத்தர், கிராஃபிக்ஸ். தெருவுல இருக்குற போர்டு, பொட்டிக்கடையில தொங்குற மேகசின் அட்டை எல்லாம் அவர் கைவண்ணம். பார்க்கிங் மீட்டர்ல, இதை நோண்டுனா ஷாக் அடிச்சு சாவீங்கன்னு எச்சரிக்கை எழுதி வச்சிருக்காங்க. படத்துல அது யார் கண்ணுக்கும் படாது. ஆனா அந்த உலகத்துல மீட்டர் திருடுறவன் இருக்கான், அவனைக் கொன்னாலும் பரவால்லன்னு நினைக்குற அரசாங்கம் இருக்குன்னு ஒரு ஸ்டிக்கர்ல கதை சொல்லிட்டான் பாருங்க, எனக்கு இதுக்கே கும்பிடணும் போல இருக்கும்.

நிஜ இடங்களும் இருக்கு. ரெப்ளிகன்ட்டுங்களை டிசைன் பண்ற செபாஸ்டியன் படத்துல தங்குற கட்டடம் 1893ல கட்டுன பிராட்பரி பில்டிங், பகல்ல அங்க ஆபீஸ் நடக்கும், அதனால ராத்திரி போயி குப்பையைக் கொட்டி தண்ணியை ஊத்தி ஷூட் பண்ணிட்டு விடியறதுக்குள்ள கழுவித் துடைச்சுக் குடுத்துட்டு வரணும். டெக்கார்டு வீட்டு சுவர், ஃபிராங்க் லாயிட் ரைட் கட்டுன என்னிஸ் ஹவுஸ்ல இருக்குற கான்கிரீட் கல்லை அச்செடுத்து செட்டுல ஒட்டுனது.

கடைசியா முதல் ஷாட்டு, தீ கக்குற அந்த நகரம். டக்ளஸ் ட்ரம்புலோட எஃபெக்ட்ஸ் கம்பெனி பண்ணது, ட்ரம்புல் பாதியில தன் சொந்தப் படத்துக்குப் போயிட்டார், டேவிட் ட்ரையர் பொறுப்பெடுத்து முடிச்சார், ரிச்சர்ட் யூரிசிச் ரெண்டு பேர் கூடவும் இருந்தார், மாடல் கடைக்கு மார்க் ஸ்டெட்சன் தலைவர். அந்த நகரம் மேசை மாதிரி ஒரு சாய்வுப் பரப்பு, ஒரு பதினெட்டு அடி அகலம்தான். பித்தளைத் தகட்டை ஆசிட்ல அரிச்சு கட்டட வடிவம் வெட்டி, முன்னாடி பெருசு பின்னாடி போகப் போக சிறுசுன்னு நட்டு வச்சு, அடியில இருந்து ஆயிரக்கணக்குல ஃபைபர் ஆப்டிக்ஸ் புள்ளி வெளிச்சம். தீயைத் தனியா எடுத்து மாடல் மேலயே ப்ரொஜெக்ட் பண்ணாங்க. ரூமை அடைச்சு முழுசா புகை போடுவாங்க, ஏன்னா காத்துல தூசு இருந்தாத்தான் கண்ணுக்கு தூரம்னு ஒண்ணு தெரியும், புகை இல்லன்னா பதினெட்டு அடி பதினெட்டு அடியாத்தான் தெரியும். நான் வீட்டுல ஊதுபத்தி கொளுத்தி இதை ட்ரை பண்ணி புகை அலாரம் அடிச்சு வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக் கதை, அது வேணாம்.

குறுக்குசால்:

எல்லாம் சரி பாஸ். ஆனா இப்படி ஆளுக்கு ஒரு துண்டா பிச்சுக் குடுத்துட்டே போனா ஸ்காட் என்ன சும்மா சேர்ல உக்காந்து பேப்பர் படிச்சாரா? மீட் அதே வருஷம் வந்த 'ட்ரான்' படத்துக்கும் வரைஞ்சார். ட்ரம்புல் எத்தனையோ படம் பண்ணவர். பீப்பிள்ஸ் வேற படம் எழுதுனார். எதுவும் இது மாதிரி இல்ல. ஏன்? ஸ்காட் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்ல படிச்ச ஓவியர், நூத்துக்கணக்குல விளம்பரப் படம் எடுத்தவர், ஷாட்டை அவரே வரைஞ்சு குடுப்பார், அதுக்கு ரிட்லிகிராம்னே பேரு. கண்ணு ஒண்ணு. கை பத்து இருக்கலாம்.

ஓரப்பக்கம்:

அந்தக் கண்ணை செட்டுல யாருக்கும் பிடிக்கலையே குறுக்குசால். அமெரிக்க ஆளுங்களை விட இங்கிலாந்து ஆளுங்க கூட வேலை செய்யறது சுலபம், சொன்னதும் சரி குருவேன்னு பண்ணிருவாங்கன்னு ஒரு இங்கிலாந்து பேட்டியில சொல்லி வச்சார், அது செட்டுல காப்பி எடுத்து சுத்துக்கு வந்துச்சு, அப்புறம் க்ரூ ஆளுங்க கிண்டலா வாசகம் எழுதுன டி-ஷர்ட் போட்டுட்டு வந்துட்டாங்க. பதிலுக்கு ஸ்காட்டும் அவர் ஆளுங்களும் ஒரு டி-ஷர்ட் அடிச்சுப் போட்டுட்டு வந்தாங்க, அந்நிய வெறுப்பு ஒழிகங்கிற மாதிரி. நாலு மாசம் ராத்திரி ராத்திரி நனைஞ்சா யாருக்குத்தான் கடுப்பு வராது.

குறுக்குசால்:

கடுப்பேத்துனதாலதான் படம் நல்லா வந்துச்சுன்னு நான் சொல்லல. ஆனா கடைசியில சொன்ன மாதிரி எடுத்தாங்கள்ல.

கேசட்காலம்:

ஜோர்டன் க்ரோனன்வெத்தை யாரும் தொடலையே, கேமராமேன். ஒட்டுப்பசை அண்ணே உங்க செட்டு எல்லாம் இவர் வெளிச்சம் போடலன்னா குப்பைமேடுதான், கோவிச்சுக்காதீங்க. ரூமுக்குள்ள ஆளு நிப்பான், வெளிய இருந்து பெரிய சர்ச்லைட் ஜன்னல் வழியா தடவிட்டுப் போகும், எதுக்குன்னு யாரும் விளக்க மாட்டாங்க, வானத்துல ஏதோ விளம்பரக் கப்பல் பறந்து போகுது போலன்னு நாமளே எடுத்துக்க வேண்டியதுதான். ரெப்ளிகன்ட் கண்ணுல ஒரு செம்பொன் மினுக்கு வரும் பாருங்க, ஆந்தைக்கும் வரும். அது கம்ப்யூட்டர் வேலை இல்ல, லென்ஸுக்கு முன்னாடி பாதி வெளிச்சம் விடுற கண்ணாடியை 45 டிகிரி சாய்ச்சு வச்சு, அதுல சின்னதா ஒரு லைட்டை அடிச்சா அது நேரா நடிகர் கண்ணுக்குள்ள போயி திரும்பி கேமராவுக்கே வரும், ராத்திரி பூனைக் கண்ணு மின்னுற அதே கணக்கு. இத்தனையும் பண்ணப்ப அவர் உடம்பு அவருக்கு ஒத்துழைக்கல, பார்கின்சன் நோய். பாஃப்டா விருது குடுத்தாங்க, ஆஸ்கர்ல நாமினேஷன் கூட கிடையாது. அந்தப் படத்துக்கு ஆஸ்கர் நாமினேஷனே மொத்தம் ரெண்டுதான், ஆர்ட் டைரக்ஷனும் எஃபெக்ட்ஸும், முதலாவது காந்திக்குப் போச்சு, ரெண்டாவது ஈ.டி.க்கு. க்ரோனன்வெத் 1996ல போயிட்டார், பையன் ஜெஃப் இப்ப பெரிய கேமராமேன், ஃபைட் கிளப் அவர் எடுத்ததுதான்.

அப்புறம் இசை, இதுக்குத்தான் நான் வந்ததே. வாங்கெலிஸ். லண்டன்ல நெமோன்னு சொந்த ஸ்டூடியோ, காட்சியை வீடியோவுல ஓடவிட்டு அதைப் பாத்துட்டே வாசிப்பார், யமஹா சிஎஸ்-80ன்னு ஒரு சிந்தசைசர், விரல் அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி ஒவ்வொரு சுரமும் தனித்தனியா வீங்கும், சுருங்கும். அதனாலதான் மெஷின் வாசிக்கிற மாதிரியே இல்லாம யாரோ பெருமூச்சு விடுற மாதிரி இருக்கும். படத்துல எது மழை எது இசை எது தெருச் சத்தம்னு பிரிக்க முடியாது, அரைத்தூக்கம், உங்க காதுல ரெண்டு நாள் நின்னது மழை மட்டும்னு நான் நம்பல. கொடுமை என்னன்னா படத்துல ஆல்பம் வரும்னு போட்டாங்க, வரல, வேற ஒரு ஆர்கெஸ்ட்ரா வாசிச்ச கேசட்டை வித்தாங்க, நிஜ ஆல்பம் வந்தது 1994. பன்னிரண்டு வருஷம்! நான் அந்த டூப்பு கேசட்டைத்தான் ஒரிஜினல்னு நினைச்சுக் கேட்டுட்டிருந்தேன், நாவல்ல வர்ற மின்சார ஆடு மாதிரியே.

பழையரீல்:

ஹா ஹா, அந்தக் கடைசி வரி அருமை.

நான் ஒண்ணு விட்டுட்டேன், காசு போட்டவங்க. கலைஞர்கள் லிஸ்ட்ல வர மாட்டாங்க, ஆனா படத்தை மாத்துனதுல இவங்களுக்கும் பங்கு உண்டு. முதல்ல பணம் போடறதா இருந்த கம்பெனி ஷூட்டிங் நெருங்குனப்ப கழண்டுக்கிச்சு. டீலி ஓடி அலைஞ்சு மூணு இடத்துல பிடிச்சார், வார்னரோட சேந்து லேட் கம்பெனி, ஹாங்காங் ரன் ரன் ஷா, அப்புறம் டான்டம்னு பட் யார்கின், ஜெர்ரி பெரன்சியோ ரெண்டு பேரு. டான்டம் ஒப்பந்தத்துல ஒரு ஷரத்து, பட்ஜெட் 10 சதவீதத்துக்கு மேல எகிறுனா படம் எங்க கைக்கு வந்துரும்னு. எகிறுச்சு. வந்துருச்சு.

1982 மார்ச்ல டென்வர்லயும் டாலஸ்லயும் ஆடியன்ஸுக்குப் போட்டுப் பாத்தாங்க, ஒண்ணுமே புரியலன்னு சொல்லிட்டாங்க. உடனே டெக்கார்டா நடிச்ச ஹாரிசன் ஃபோர்டு குரல்ல விளக்கம் சேத்தாங்க, எழுதுனது ரோலண்ட் கிபி, ஃபோர்டுக்கு சுத்தமா இஷ்டம் இல்ல, ஒப்பந்தத்துக்காகப் படிச்சுக் குடுத்தார், அது கேக்கறப்பவே தெரியும். ஆனா இங்க ஒரு உண்மையும் சொல்லணும், குரல் விளக்கம்ங்கிற யோசனை முதலாளிங்க திணிச்சது மட்டும் இல்ல, பழைய டிடெக்டிவ் படம் மாதிரி இருக்கணும்னு ஆரம்ப ஸ்கிரிப்ட்லயே இருந்துச்சு, ஸ்காட்டுக்கும் அப்ப அதுல ஆட்சேபணை இல்ல. கெட்டுப்போனது கடைசியா எழுதுன விதத்துல. சந்தோஷ முடிவு ஒண்ணும் சேத்தாங்க, அதுக்கு மலையும் காடும் வேணும், எடுக்க நேரம் இல்ல, டைரக்டர் குப்ரிக் தன் 'தி ஷைனிங்' படத்துக்கு ஹெலிகாப்டர்ல எடுத்து மிச்சம் வச்சிருந்த ஃபிலிமைக் குடுத்தார், அதை ஒட்டிட்டாங்க. இவ்ளோ பண்ணியும் ஈ.டி. ஓடிட்டிருந்த நேரம், படம் படுத்துருச்சு.

இன்னொரு ரைட்டரும் உண்டு, அவர் பேரு டைட்டில்ல நடிகர் லிஸ்ட்ல இருக்கு. ரெப்ளிகன்ட்டுங்களோட தலைவன் ராய் பேட்டி சாகறப்ப பேசுற வசனம் ஸ்கிரிப்ட்ல நீளமா இருந்துச்சு, அந்த வேஷத்துல நடிச்ச ருட்கர் ஹாவர் முந்தின ராத்திரி உக்காந்து பாதிக்கு மேல அடிச்சுட்டு, மழையில கரையுற கண்ணீர்னு அந்த வரியை அவரே எழுதிச் சேத்தார். சாகறப்ப அவன் கையில இருந்து பறக்குற புறாவும் அவர் யோசனைதான். படத்துல கதை நடக்குறது 2019 நவம்பர், ராய் பேட்டி சாகறது அப்பத்தான். ஹாவர் இறந்தது 2019 ஜூலை. சிட் மீட் அதே வருஷம் டிசம்பர் 30.

அரைத்தூக்கம்:

அந்த 2019 விஷயம் படிச்சு கொஞ்ச நேரம் எதுவும் டைப் பண்ண முடியல.

நேத்து ராத்திரி முதல் அரை மணி நேரம் மறுபடி போட்டேன். பார்க்கிங் மீட்டர் தேடுனேன், எழுத்து தெரியவே இல்ல ஒட்டுப்பசை, ஆனா இருக்குன்னு தெரிஞ்சதே போதும். ஆந்தை கண்ணு மின்னுச்சு. டைரல் ஆபீஸ்ல ரேச்சல்ங்கிற பொண்ணுகிட்ட கேக்குற கேள்வி முக்காவாசி மிருகம்தான், ஒவ்வொண்ணுக்கும் நான் 'ஆடு'ன்னு கத்திட்டிருந்தேன், தம்பி என்னைப் பைத்தியம் மாதிரி பாத்தான். இப்ப அவனுக்கும் பாக்கணுமாம். அவனுக்கு எந்த வெர்ஷனைப் போட?

பழையரீல்:

1982 தியேட்டர் வெர்ஷன். குரலோட, மலையோட. அப்பத்தான் அடுத்து ஃபைனல் கட் பாக்குறப்ப என்ன பிரச்சினை இருந்துச்சுன்னு தெரியும்.

குறுக்குசால்:

பாவம் அந்தப் பையன். நேரா ஃபைனல் கட். அது ஒண்ணுதான் ஸ்காட் கை முழுசா பட்டது, 1992 டைரக்டர்ஸ் கட் கூட அவசரத்துல பண்ணது.

ஒட்டுப்பசை:

ஃபைனல் கட்ல புறா ராத்திரி வானத்துல பறக்கும், 82ல அது மட்டும் நீல வானத்துல பறக்கும், மழை ராத்திரியில எங்கடா நீல வானம்னு அந்தக் காலத்துலயே கேட்டாங்க. எனக்கு என்னமோ அந்தத் தப்பான வானம்தான் பிடிக்கும். எது போட்டாலும் பெரிய ஸ்கிரீன்ல போடுங்க, லைட்டை அணைச்சுட்டு.

கேசட்காலம்:

ஹெட்ஃபோன் குடுங்க அவனுக்கு.